குராசோ உலகக் கோப்பைக்குப் போகிறது: இது தீவின் கால்பந்தா, நெதர்லாந்தின் கால்பந்தா?

வியாசை வலதுவிங்:
2025 நவம்பர் 18 அன்று (நமக்கு 19 காலை) கிங்ஸ்டனில் ஜமைக்காவை 0-0 என்று நிறுத்தி, நெதர்லாந்து முடியாட்சிக்குள் தன்னாட்சி பெற்ற கரீபியன் தீவான குராசோ உலகக் கோப்பைக்குள் நுழைந்ததிலிருந்து பார்க்கிற இடமெல்லாம் இரண்டே வகைப் பேச்சுதான். ஒன்று, "குட்டித் தீவு, அற்புதம்". இன்னொன்று, "அது தீவு அணியே இல்லை, நெதர்லாந்தில் இடம் கிடைக்காதவர்களின் அணி". இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை, அதனால்தான் இந்த இழை.

முதலில் விவரம். பரப்பு 444 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை சுமார் 1,56,000. இதற்கு முன் உலகக் கோப்பை ஆடிய மிகச் சிறிய நாடு 2018-ல் ஐஸ்லாந்து, அங்கேகூட மூன்றரை லட்சம் பேர். தகுதிச் சுற்று முழுக்க குராசோ ஒரு மேட்ச்கூடத் தோற்கவில்லை. இரண்டாம் சுற்றில் பார்படாஸ், அருபா, செயின்ட் லூசியா, ஹெய்ட்டி என நான்கு அணிகளையும் அடித்தது, அதில் ஹெய்ட்டியை 5-1. கடைசிச் சுற்றில் 3 வெற்றி, 3 டிரா. பெர்முடாவை அவர்கள் மண்ணிலேயே 7-0. தகுதிச் சுற்றில் கோச்சாக இருந்த டிக் அட்வகாட்டுக்கு அப்போது 78 வயது, 1994-ல் நெதர்லாந்து அணிக்கும் 2006-ல் தென்கொரியாவுக்கும் உலகக் கோப்பையில் கோச்சாக இருந்தவர்.

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். இது லாட்டரி இல்லை, பத்து வருடத்துக்கு மேல் பொறுமையாகக் கட்டிய அணி. ஆனால் கட்டியது அணியை மட்டும்தான், தீவின் கால்பந்தை இன்னும் கட்டவில்லை. கடைசி மேட்சுகளுக்கு அழைக்கப்பட்ட வீரர்களில் தீவில் பிறந்தவர் தஹித் சோங் ஒருவர்தான், அவரும் சிறுவனாக இருந்தபோதே நெதர்லாந்தின் ஃபெயனூர்ட் கிளப் அகாடமிக்குப் போய், அங்கிருந்து மான்செஸ்டர் யுனைடெட் போனவர். இதை மறைக்காமல் பேசினால்தான் மற்ற சிறிய நாடுகள் இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம் என்பது தெரியும்.

நிலாமுற்றம்:
நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்களே நண்பரே. நெதர்லாந்தில் பிறந்து, நெதர்லாந்து கிளப்பில் பயிற்சி எடுத்து, நெதர்லாந்து பாஸ்போர்ட் வைத்திருக்கும் பையன்கள், கூடவே நெதர்லாந்து கோச். இதில் குராசோ எங்கே இருக்கிறது? இன்னொன்றையும் யாரும் பேசுவதில்லை. அமெரிக்கா, மெக்சிகோ, கனடா மூன்றும் போட்டியை நடத்துகிற நாடுகள் என்பதால் தகுதிச் சுற்றிலேயே இல்லை. போட்டி 48 அணிகளாகப் பெருகிவிட்டது. வழக்கமாக முதல் இரண்டு இடத்தை எடுத்துக்கொள்கிறவர்கள் இல்லாத வட, மத்திய அமெரிக்க, கரீபியன் மண்டலத்தில் மூன்று நேரடி இடங்கள். பழைய முறையில் இது நடந்திருக்குமா?

ஸ்கோர்ஷீட்:
நடந்திருக்காது, அதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கதவு எல்லோருக்கும்தான் திறந்திருந்தது. கோஸ்டாரிகா 2014-ல் கால் இறுதி வரை போன நாடு, இந்த முறை இல்லை. ஹோண்டுராஸ் இல்லை. ஜமைக்காவில் இங்கிலாந்து லீக்கில் ஆடுகிறவர்களே வரிசையாக இருக்கிறார்கள், இங்கிலாந்து அணியின் கோச்சாக இருந்த ஸ்டீவ் மெக்லாரன்தான் அப்போது அவர்களுக்கும் கோச், அவர்களாலும் முடியவில்லை. குராசோவின் தலைநகர் வில்லெம்ஸ்டாடில் 2-0 என்று தோற்றார்கள், கடைசி மேட்சில் ஜெயித்தே ஆக வேண்டிய நிலையில் மூன்று முறை கம்பத்தில் அடித்தார்கள், கூடுதல் நேரத்தில் கிடைத்த பெனால்டியை வீடியோ பார்த்து ரெஃப்ரி ரத்து செய்தார். அந்த ஒரு ராத்திரியில் அதிர்ஷ்டம் இருந்தது, சரி. ஆனால் அந்த ராத்திரிக்கு 11 புள்ளியோடு வந்து சேர்ந்ததை அதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது. அன்றைக்கு அட்வகாட் குடும்பக் காரணத்தால் மைதானத்திலேயே இல்லை, ஊருக்குப் போய்விட்டார். கோச் இல்லாமலேயே நிலைகுலையாமல் நின்ற அணி அது.

வியாசை வலதுவிங்:
நிலாமுற்றம், "நெதர்லாந்து பையன்கள்" என்பதை ஏற்க எனக்குத் தயக்கம். அவர்கள் ஏன் அங்கே பிறந்தார்கள் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். குராசோவின் பொருளாதாரமே ஒரு காலத்தில் ஷெல் நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைச் சுற்றித்தான் ஓடியது. 1985-ல் ஷெல் அதை விட்டுவிட்டுப் போனது. தீவுக்காரர்களுக்கு நெதர்லாந்துக் குடியுரிமை உண்டு, விசா தேவையில்லை, வேலை தேடிக் குடும்பம் குடும்பமாக அங்கே போனார்கள். கோல்கீப்பர் எலோய் ரூம் 1989-ல் நைமேகனில் பிறந்தவர், கேப்டன் லியாண்ட்ரோ பகூனா 1991-ல் க்ரோனிங்கனில். தேதியைப் பார்த்தாலே புரியும், தீவிலிருந்து போனவர்களின் அடுத்த தலைமுறை இது. வீட்டில் பேசுவது தீவின் மொழியான பாப்பியமெந்து, பாட்டி இருப்பது வில்லெம்ஸ்டாடில். பிழைப்புக்காகப் போனவன் பிள்ளை அப்பா ஊருக்காக ஆடினால் அதைக் கடன் வாங்கிய அணி என்று சொல்வது நியாயமா?

ராட்டர்டாம்வாசி:
இங்கே இருக்கிறவன் என்ற முறையில் கொஞ்சம் சேர்க்கிறேன். என் மகன் ஆடும் கிளப்பில் அண்டிலியன் (குராசோ, அருபா போன்ற கரீபியன் தீவுகளின்) குடும்பத்துப் பிள்ளைகள் நிறைய. நெதர்லாந்துக் கால்பந்து என்றால் எல்லோரும் அயாக்ஸ், ஃபெயனூர்ட் என்று நினைக்கிறார்கள், உண்மையான பலம் கீழே இருக்கிறது. ஒவ்வொரு பேட்டையிலும் ஒரு சங்கம், பெரும்பாலும் நகராட்சிக்குச் சொந்தமான மைதானம், மழை பெய்தாலும் ஆடக்கூடிய செயற்கைப் புல், இரவு விளக்கு. எட்டு வயதுக்குக் கீழ், ஒன்பதுக்குக் கீழ் என்று வயதுக்கு ஒரு அணி. சின்னப் பிள்ளைகளை முழு மைதானத்தில் விடுவதில்லை, ஒரு பக்கம் ஆறு பேர், அப்புறம் எட்டு பேர் என்றுதான் ஆடுவார்கள். அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பந்து அதிகமாகக் காலில் படும். கோச், ரெஃப்ரி, கேன்டீன் எல்லாமே பெரும்பாலும் பெற்றோர்தான், சம்பளம் கிடையாது. சந்தா கட்ட வசதியில்லாத குடும்பங்களுக்கு உதவ நிதி உண்டு. ஒவ்வொரு சனிக்கிழமையும் மேட்ச், ஒரு வாரம் விடாமல். பெரிய கிளப்பின் ஆட்கள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இப்படி ஆறு வயதிலிருந்து பதினெட்டு வரை ஒரு பையன் ஆடும் மேட்சுகளின் எண்ணிக்கையை ஒரு தீவில் எப்படிக் கொண்டுவருவீர்கள்? எதிரணியே போதாது. அதுதான் சிக்கல். திறமை குராசோ குடும்பத்துடையது, ஆனால் அந்தத் திறமையை வாராவாரம் சோதித்துப் பார்த்தது இந்த ஊர்க் கட்டமைப்பு. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நிலாமுற்றம்:
அப்படியென்றால் பக்கத்துத் தீவு அருபா ஏன் வரவில்லை? அதே நெதர்லாந்துப் பாஸ்போர்ட், அதே பழைய காலனி வரலாறு, ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் மக்கள். உங்கள் கணக்குப்படி அவர்களும் கொஞ்சமாவது மேலே வந்திருக்க வேண்டும்.

வியாசை வலதுவிங்:
நல்ல கேள்வி, என் வாதத்துக்கே இது பலம் சேர்க்கிறது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால் மட்டும் போதாது, அவர்களைக் கூப்பிட ஆள் வேண்டும், கூப்பிட்டால் வர நம்பிக்கை வேண்டும். அந்த வேலையை குராசோ படிப்படியாகச் செய்தது.

2010 அக்டோபர் 10 அன்று நெதர்லாந்து அண்டிலிஸ் என்ற தீவுக் கூட்டமைப்பு கலைக்கப்பட்டு குராசோ தனி அணியாக ஆடத் தொடங்கியது. 2015-ல் பேட்ரிக் க்ளைவர்ட் கோச்சாக வந்தார், அவருடைய அம்மா குராசோக்காரர். நெதர்லாந்துக்காக அவ்வளவு கோல் அடித்தவர் போன் செய்து "வா, ஆடு" என்றால் இரண்டாம் டிவிஷனில் ஆடும் பையன் எப்படி மறுப்பான்? சவுத்தாம்ப்டனில் இருந்த குகோ மார்ட்டினா போன்றவர்கள் அந்தக் காலத்து ஆட்கள். க்ளைவர்ட் போன பிறகு திட்டத்தைத் தூக்கி எறியவில்லை, அவருக்குத் துணையாக இருந்த ரெம்கோ பிசென்டினியையே கோச்சாக்கினார்கள். 2017-ல் மார்ட்டினிக்கில் நடந்த கரீபியன் கோப்பை இறுதியில் ஜமைக்காவை 2-1 என்று வென்றார்கள், இரண்டு கோலும் எல்சன் ஹோய். 2019-ல் மண்டல சாம்பியன்ஷிப்பான கோல்ட் கப்பில் ஹோண்டுராஸை வீழ்த்திக் கால் இறுதி வரை போய் அமெரிக்காவிடம் 1-0 என்று மட்டும் தோற்றார்கள். 2020-ல் குஸ் ஹிடிங்க் கோச்சானார். அடுத்த வருடம் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் பனாமாவிடம் ஒரே கோல் வித்தியாசத்தில் வெளியேறினார்கள், அதே கோடையில் அணிக்குள் கொரோனா பரவி கோல்ட் கப்பிலிருந்தே விலக வேண்டி வந்தது. அங்கே மனம் உடைந்திருக்கலாம். 2024 ஜனவரியில் அட்வகாட் வந்தபோது அவருக்குக் கிடைத்தது ஏற்கெனவே ஒன்றாகப் பல வருடம் ஆடிய அணி, அவர் அதன்மேல் சோங் போன்ற சிலரைச் சேர்த்தார்.

ஸ்கோர்ஷீட்:
இதில் கான்ககாஃப் (வட, மத்திய அமெரிக்க, கரீபியன் கால்பந்துக் கூட்டமைப்பு) நடத்தும் நேஷன்ஸ் லீக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் சிறிய தீவுகளுக்குத் தகுதிச் சுற்றில் தோற்றுவிட்டால் அடுத்து அர்த்தமுள்ள ஒரு மேட்சுக்காக மாதக்கணக்கில், சில அணிகளுக்கு வருடக்கணக்கில் காத்திருக்கும் நிலை. நட்பு ஆட்டம் நடத்த விமானச் செலவுக்கே பணம் இருக்காது. 2019-ல் அந்த லீக் முழுமையாகத் தொடங்கிய பிறகு ஃபிஃபா இடைவேளைகளில் (கிளப்புகள் வீரர்களை நாட்டு அணிக்கு விடும் நாட்களில்) தொடர்ந்து மேட்ச். ராட்டர்டாம்வாசி சொன்ன அதே விஷயம்தான், தொடர்ந்து ஆடக் கிடைப்பது. ஐரோப்பாவில் ஆடும் வீரனுக்கும் இது முக்கியம், ஒரு உப்புச்சப்பில்லாத ஆட்டத்துக்காக கிளப்பில் அனுமதி வாங்கிக்கொண்டு அட்லாண்டிக்கைத் தாண்டி வர யாருக்கும் மனம் வராது.

அப்புறம் நம் ஆட்களுக்கு ஒரு ஞாபகம்: 2019 ஜூன் 5, தாய்லாந்தின் புரிராம், கிங்ஸ் கப். இந்தியா 1, குராசோ 3. இந்திய அணிக்கு ஸ்டிமாக் கோச்சாக வந்த முதல் மேட்ச், சுனில் சேத்ரி பெனால்டியில் ஒரு கோல். அன்றைக்கு நிறைய பேர் "யார் இந்த குராசோ, இவர்களிடமா தோற்றோம்" என்று கோபப்பட்டார்கள். இறுதியில் வியட்நாமையும் பெனால்டியில் வென்று கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்கள்.

பாசையூர்க்காரன்:
நான் கொஞ்சம் வேறு பக்கத்தால் பார்க்கிறேன். எங்கட இலங்கை அணியிலும் இப்ப வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளை எடுக்கினம், ஜெர்மனியில் பிறந்த கிளாடியோ கம்மர்க்னெக்ட் மாதிரி. அணி முன்னேறுது, அதில் சந்தேகமில்லை. ஆனால் உள்ளூரில் உதைபந்தாட்டம் ஆடுற பொடியனுக்கு இதால என்ன கிடைக்குது எண்ட கேள்வி எனக்கு எப்பவும் இருக்கு. தேசிய அணியில் இடம் எல்லாம் வெளியில் இருந்து வாறவைக்கு எண்டால், ஊரில் அதிகாலையில் எழும்பிப் பயிற்சிக்குப் போறவன் எதை நம்பிப் போறது? குராசோவில் உள்ளூர்ச் சுற்றுப்போட்டி எந்த நிலையில் இருக்கு? முன்னம் எப்பவாவது சொந்தப் பிள்ளைகளை வைச்சு வெண்டிருக்கினமா?

ஸ்கோர்ஷீட்:
வென்றிருக்கிறார்கள், அதுதான் பலருக்குத் தெரியாத பகுதி. 1963-லும் 1969-லும் கான்ககாஃப் சாம்பியன்ஷிப்பில் நெதர்லாந்து அண்டிலிஸ் மூன்றாம் இடம். 1963-ல் மெக்சிகோ முதல் சுற்றோடு வெளியேற, இவர்கள் இறுதிச் சுற்றுக்குப் போனார்கள். அதற்கு முன்பே 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஆடி துருக்கியிடம் 2-1 என்று தோற்றார்கள். அந்த அணியின் கோல்கீப்பர் எர்கிலியோ ஹாட்டோ, "கருஞ்சிறுத்தை" என்று பெயர் எடுத்தவர், 1926-ல் பிறந்து 2003-ல் இறந்தார். இன்றைக்கு குராசோ சொந்த மண்ணில் ஆடும் ஸ்டேடியத்துக்கு அவர் பெயர்தான். கிளப் அளவிலும் சொல்லலாம், போகா சாமி என்ற மீனவர் கிராமத்து அணியான யோங் கொலம்பியா 1967, 1979 இரண்டு முறை கான்ககாஃப் சாம்பியன்ஸ் கோப்பையின் இறுதி வரை போனது. இன்றைக்கு ஒரு கரீபியன் தீவுக் கிளப் மெக்சிகோ, அமெரிக்கக் கிளப்புகளைத் தாண்டி இறுதிக்குப் போவது நினைத்துப் பார்க்கக்கூட முடியாத காரியம்.

பாசையூர்க்காரன்:
அப்ப இது எனக்கு இன்னும் கவலை. ஒருகாலத்தில் மீனவக் கிராமத்து அணியே இறுதிக்குப் போயிருக்கு. எங்கட ஊரும் கடற்கரைதான், ஒரு அணியைச் சுற்றி ஊரே நிக்கிறது எப்படி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும். அந்தப் பழக்கம் எங்க போச்சு?

அட்லாண்டா முருகு:
ஒரு பெரிய பகுதி பேஸ்பாலுக்குப் போனது. நான் இருக்கிற ஊரில் குராசோ என்றால் யாருக்கும் கால்பந்து நினைவுக்கு வராது. பேஸ்பால் வீரர் ஆண்ட்ரூ ஜோன்ஸ் வில்லெம்ஸ்டாட்காரர், 1996 வேர்ல்ட் சீரிஸ் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர்) முதல் ஆட்டத்திலேயே 19 வயதில் இரண்டு ஹோம் ரன் அடித்தவர். அவருக்குப் பிறகு கென்லி ஜேன்சன், ஆண்ட்ரெல்டன் சிம்மன்ஸ், ஓஸி ஆல்பீஸ் என்று வரிசை. 2004-ல் வில்லெம்ஸ்டாடின் பபாவ் அணி சிறுவர்களுக்கான லிட்டில் லீக் வேர்ல்ட் சீரிஸையே வென்றது. ஒன்றரை லட்சம் பேரிலிருந்து இவ்வளவு மேஜர் லீக் (அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீக்) ஆட்களா என்று இங்கே வியப்பார்கள்.

காரணம் எளிது. பேஸ்பாலில் 16 வயதுப் பையனோடு கிளப்புகள் நேரடியாக ஒப்பந்தம் போடலாம், கையெழுத்துப் போடும்போதே பணம். ஆள் தேடும் ஸ்கவுட் தீவுக்கே வருகிறார். கால்பந்தில் அப்படி யாரும் தீவுக்கு வந்து பார்ப்பதில்லை, பையன்தான் நெதர்லாந்துக்குப் போக வேண்டும். ஒரு அம்மாவாக யோசித்தால் எந்த விளையாட்டுக்கு அனுப்புவீர்கள்? ஆனால் இதில் ஒரு நம்பிக்கையும் இருக்கிறது. ஒரு சின்ன இடத்தில் சிறுவர் லீக், கோச், ஸ்கவுட், மேலே போக வழி எல்லாம் தொடர்ச்சியாக இருந்தால் வீரர்கள் வருவார்கள் என்பதை அந்தத் தீவே பேஸ்பாலில் நிரூபித்திருக்கிறது. மக்கள்தொகை போதாது என்ற சாக்கு அங்கே செல்லாது.

ராட்டர்டாம்வாசி:
முருகு சொன்னதுதான் இந்த இழையிலேயே எனக்குப் புதிதாகப் பட்டது. எதிரணி போதாது என்று நான் எழுதினேன், பேஸ்பாலுக்கும் அதே தீவுதான், அதே எண்ணிக்கைதான். அப்படியானால் குறை எண்ணிக்கையில் மட்டும் இல்லை.

உள்ளூர் வீரர்கள் பற்றி ஒன்று. 2019 செப்டம்பரில் குராசோ அணியோடு ஹெய்ட்டிக்கு ஆடப் போன இடத்தில், போர்ட்டோ பிரின்ஸ் ஹோட்டலில் மாரடைப்பால் இறந்த ஜைர்சின்ஹோ பீட்டர் என்ற கோல்கீப்பரை யாராவது நினைவு வைத்திருக்கிறீர்களா? 31 வயது. தீவில் பிறந்து தீவு லீக்கில் ஆடியவர். ஐரோப்பிய கிளப் ஆட்களுக்கு நடுவே உள்ளூரிலிருந்து அணியில் இருந்த சிலரில் ஒருவர். இந்தத் தகுதியைக் கொண்டாடும்போது அவர் பெயரையும் சொல்ல வேண்டும் என்று இங்குள்ள குராசோ நண்பர்கள் சொன்னார்கள், எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

நிலாமுற்றம்:
சரி, அணி அவர்களுடையது என்பதை ஒத்துக்கொள்கிறேன், புலம்பெயர்ந்த குடும்பங்கள் பற்றி வலதுவிங் சொன்னது நியாயம். ஆனால் "வளர்ச்சி" என்ற சொல்லில் எனக்கு இன்னும் சிக்கல் இருக்கிறது. ஜமைக்கா 1998-ல் போனது, ராபி ஏர்ல், டீயான் பர்ட்டன் என்று இங்கிலாந்தில் வளர்ந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு. ஜப்பானை 2-1 என்று வென்றார்கள், ஊரே கொண்டாடியது. அதற்குப் பிறகு இதுவரை ஒரு உலகக் கோப்பைகூட இல்லை. டிரினிடாட் 2006-ல் போனது, அங்கேயும் நெதர்லாந்துக் கோச், லியோ பேன்ஹாக்கர். ஸ்வீடனோடு 0-0 டிரா செய்தார்கள், அவ்வளவு சந்தோஷம். பிறகு வீரர்கள் தங்கள் பங்குப் பணத்துக்காக சொந்தச் சங்கத்தோடு வருடக்கணக்கில் வழக்காட வேண்டி வந்தது. அவர்களும் திரும்பி வரவே இல்லை. குராசோ மட்டும் வேறு மாதிரி போகும் என்று எதை வைத்து நம்புவது?

வியாசை வலதுவிங்:
நம்புவதற்கு இப்போதைக்கு ஆதாரம் கிடையாது, அதனால்தான் பணத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்கிறேன். ஃபிஃபா 2025 டிசம்பரில் அறிவித்தபடி, ஒரு மேட்ச்கூட ஜெயிக்காமல் திரும்பும் அணிக்கும் குறைந்தது 1 கோடியே 5 லட்சம் டாலர் கிடைக்கும், ஏற்பாட்டுச் செலவுக்கான 15 லட்சம் உட்பட. இதற்கு வெளியே, 2023 முதல் 2026 வரையிலான நான்கு வருடச் சுற்றில் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் உள்ளது போல 80 லட்சம் டாலர் வரை ஃபிஃபா வளர்ச்சி நிதி உண்டு. பிரேசிலுக்கு இது ஒன்றுமே இல்லை. 444 சதுர கிலோமீட்டர் தீவுக்கு இது பெரிய தொகை. தீவின் எல்லாப் பகுதிக்கும் விளக்கோடு ஒரு நல்ல மைதானம், சம்பளம் வாங்கும் சிறுவர் கோச்சுகள், 13 வயதிலிருந்து 17 வரை உள்ள அணிகளை வருடத்தில் சில முறையாவது கொலம்பியாவுக்கோ நெதர்லாந்துக்கோ அழைத்துப் போக விமானச் செலவு. இவ்வளவுக்கும் அது போதும்.

முதல் கடமை வீரர்களின் பங்கை எழுத்தில் போட்டு, போட்டிக்கு முன்பே முடிவு செய்வது. டிரினிடாட் விட்ட இடம் அதுதான். வீரன் சங்கத்தை நம்பவில்லை என்றால் அடுத்த தலைமுறைப் பையன் ராட்டர்டாமிலிருந்து போனை எடுக்கவே மாட்டான், அணியும் போய்விடும், தீவுக் கால்பந்தும் வராது.

பாசையூர்க்காரன்:
இதோடு ஒண்டு சேர்க்க வேணும். வெளியில் இருந்து எடுக்கிறதை நிப்பாட்டச் சொல்லி நான் சொல்லேல்லை. அணியில் ஒரு மூண்டு நாலு இடமாவது தீவில் ஆடுற பொடியங்களுக்கு எண்டு வைச்சு, முகாமுக்காவது கூட்டிக்கொண்டு போக வேணும். பக்கத்தில் நிண்டு பயிற்சி எடுத்தாலே தரம் என்னவெண்டு விளங்கும்.

ஸ்கோர்ஷீட்:
உலகக் கோப்பைப் பட்டியலில் 26 பேர் போகலாம், மூன்றாவது கோல்கீப்பர் இடத்தையாவது உள்ளூருக்குக் கொடுக்கலாம். அட்வகாட் அப்படி உணர்ச்சிக்காக ஆள் எடுப்பவர் இல்லை என்பதால் எனக்குச் சந்தேகம்தான்.

ராட்டர்டாம்வாசி:
முகாமுக்கு அழைப்பது செய்யக்கூடியதுதான். அதைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது, ஆடி முடித்த வீரர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்பது. தகுதி பெற்றபோது எலோய் ரூமுக்கு 36 வயது, லியாண்ட்ரோ பகூனாவுக்கு 34. இன்னும் கொஞ்ச காலத்தில் ஓய்வு. இவர்களில் நாலு பேர் தீவில் போய்க் குடியிருந்து சிறுவர்களுக்குக் கற்றுக் கொடுத்தால், சங்கம் அதற்கு ஒழுங்கான சம்பளம் கொடுத்தால், அது எந்தக் கட்டடத்தையும்விடப் பெரிய வேலை செய்யும்.

அட்லாண்டா முருகு:
பேஸ்பாலில் அது நடந்தது. ஜோன்ஸைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் அடுத்து வந்தவர்கள். ஆக இப்போது பத்து வயதில் இருக்கும் ஒரு குராசோ சிறுவன் மட்டையை எடுப்பானா பந்தை உதைப்பானா என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். சரி, மேட்ச் விவரம் யாராவது போடுங்கள், விடுப்புக்குச் சொல்ல வேண்டும்.

ஸ்கோர்ஷீட்:
குரூப் ஈ. 2026 ஜூன் 14 ஹூஸ்டனில் ஜெர்மனி, ஜூன் 20 கான்சஸ் சிட்டியில் ஈக்வடார், ஜூன் 25 பிலடெல்பியாவில் ஐவரி கோஸ்ட். 12 குரூப்களின் மூன்றாம் இட அணிகளில் சிறந்த எட்டும் அடுத்த சுற்றுக்குப் போகும் என்பதால் ஒரு வெற்றி கிடைத்தாலே வாய்ப்பு உண்டு. ஜெர்மனியிடம் கோல் வித்தியாசம் பெரிதாகிவிடாமல் காப்பதுதான் முதல் வேலை. மூன்றாவது மேட்ச்தான் என் கணக்கில் முக்கியம்.

நிலாமுற்றம்:
ஈக்வடாரைத் தொடக்கூட முடியாது, தென் அமெரிக்கத் தகுதிச் சுற்றில் அர்ஜென்டினாவுக்கு அடுத்த இடத்தில் முடித்தவர்கள். ஐவரி கோஸ்ட்டோடு டிரா வரலாம். பிலடெல்பியா மேட்சுக்கு நானும் விழித்திருப்பேன்.